அம்மா மிதித்த பிரேக்

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வரவிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். வருஷம் முழுக்க அழுதாயிற்று. இந்த நினைவு மலரில் சிரித்துக்கொண்டே படிக்க ஒரு பக்கமாவது வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். வாய் நீளம் என்று பெயர் வாங்கிய மகள் நான்தானே, அதனால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

அம்மா திருவிடந்தையில் பிறந்தார். தாத்தாவுக்குக் கோயில் மடப்பள்ளியில் சமையல் வேலை, வீட்டில் எப்போதும் இழுபறிதான். கல்லூரி ஆசையை ஓரமாக வைத்துவிட்டு டைப்பிங் படித்து, செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் சேர்ந்தார். தம்பியை, அதாவது எங்கள் மாமாவை, படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். பிறகு ஊரப்பாக்கத்தில் வீடு, என் படிப்பு, என் கல்யாணம். தனக்கென்று அம்மா எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஓய்வு பெற்ற மறுவாரமே டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார். "இந்த வயசுலயா?" என்றார் அப்பா. "பின்ன, போன வயசுலயா போய்ச் சேர முடியும்?" என்றார் அம்மா. யாரோ ஓட்டிச் சலித்த ஒரு வெள்ளைக் கார் வீட்டுக்கு வந்தது. அதன்பின் அம்மாவை வீட்டில் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது.

அம்மாவோடு காரில் போனவர்களுக்குத் தெரியும். வழியில் எந்தக் கோயில் வந்தாலும் ஓரம் கட்டிவிடுவார். இறங்க மாட்டார். பிரேக்கை மிதித்தபடியே இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, குடும்ப நிலவரம் மொத்தத்தையும் சாமியிடம் சொல்லுவார். மாமா பெண்ணின் பரீட்சை, அப்பாவின் சர்க்கரை, பக்கத்து வீட்டுக்காரரின் முழங்கால் எல்லாம் அதில் வரும். ஹேண்ட் பிரேக் போடச் சொன்னால், "கும்பிடுற நேரத்துல கையை வேற வேலைக்கு அனுப்பக் கூடாதுடி" என்பார். 

அப்படித்தான் ஒருநாள் திருவிடந்தைக் கோயில் அருகே, சரிவான இடத்தில் நிறுத்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மாமா முன்சீட்டில், நானும் மாமாவின் மனைவியான அத்தையும் பின்னால். வண்டி மெதுவாக நகர்ந்து போய், முன்னால் நின்ற இளநீர் வண்டியில் இடித்தது. இளநீர்க் காய்கள் ரோடெல்லாம் உருண்டன. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

மாமா சாவியை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "போதும்க்கா. உனக்குக் கால்ல வலு இல்ல. வண்டிய வித்துடலாம்."

"பெடல் தானா உள்ள போச்சுடா" என்றார் அம்மா.

"அண்ணி காலை எடுக்கவே இல்லீங்க. நான் பாத்துகினுதானே இருந்தேன்" என்றார் அத்தை. மாமியார் வீட்டில் மருமகள் சொல் எடுபட்ட அழகுதான் உங்களுக்குத் தெரியுமே!

விற்பதற்கு முன் மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம் என்று மாமாவே மெல்ல உருட்டிக்கொண்டு பக்கத்து ஷெட்டுக்கு ஓட்டிப் போனார். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். அவருடைய சொந்த வண்டியில் அவர் பின்சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான்.  

மெக்கானிக் ஏறி உட்கார்ந்து பெடலைப் படபடவென்று மிதித்துப் பார்த்தார். "கல்லு மாதிரி கீது சார்." பானெட்டைத் திறந்தார், பிரேக் ஆயில் குறையவில்லை. கீழே படுத்து நான்கு சக்கரத்தையும் பார்த்தார், எங்கும் ஈரமில்லை. "எங்கயும் லீக்கே இல்ல. வண்டி சோக்கா கீது."

மாமா அம்மாவைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அம்மா இறங்கி மெக்கானிக்கிடம் வந்தார். "தம்பி, நீ மிதிச்சு மிதிச்சு விடுற. நான் அப்படியா மிதிக்கிறேன்? மிதிச்சு அப்படியே வை. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காத." ஷெட்டுக்கு எதிரே ஒரு பிள்ளையார் இருந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பிக் கைகூப்பி, தன் நிலவரத்தை ஆரம்பித்தார்.

மாமா பெண்ணின் பரீட்சை முடிந்து அப்பாவின் சர்க்கரை வருவதற்குள், உள்ளே பெடலை மிதித்துக்கொண்டிருந்த மெக்கானிக்கிடமிருந்து சத்தம் வந்தது. "யக்கா! இன்னாக்கா இது, போய்க்கினே கீது! அடியில தட்டிச்சு!"

மாமா நம்பவில்லை. தானே ஏறி மிதித்தார். அவருக்கும் பெடல் அமைதியாகக் கீழே இறங்கியது. பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே நழுவித் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று மெக்கானிக் விளக்கினார். அதனால் வெளியே ஒரு சொட்டும் வராது. விட்டு விட்டு மிதித்தால் நழுவ நேரமிருக்காது, அழுத்தியே வைத்தால்தான் காட்டிக்கொடுக்கும். "இவ்ளோ நேரம் எவனும் பிரேக்க மிதிச்சுக்கினு ஒக்கார மாட்டான்க்கா" என்றார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

புதுச் சிலிண்டர் மாட்டி, பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி முடித்தபின் அம்மா ஏறி உட்கார்ந்து, பெடலை மிதித்தபடியே கும்பிட்டார். அன்று பிள்ளையாரிடம் யார் யார் கதையெல்லாம் சொன்னாரோ, பெடல் அசையவில்லை. மாமா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "அக்கா, நீயே ஓட்டு" என்றார்.  அன்று மாமல்லபுரம் வரை போய் மீன் வறுவல் சாப்பிட்டோம். மடப்பள்ளிக் குடும்பம் மீன் தின்றதை மலரில் போடாதே என்கிறார் அப்பா. போட்டுவிட்டேன்.

உடம்பு முடியாமல் போகும்வரை அம்மா ஓட்டினார். ஹேண்ட் பிரேக்கும் போடப் பழகினார், கும்பிடுவதற்கு முன்னால். கடைசி நாட்களில் மருத்துவமனைக் கட்டிலில் அத்தையைக் கூப்பிட்டு, அவர் கையில் சாவியை வைத்தார். "எனக்கு ஓட்டத் தெரியாதே அண்ணி" என்று அத்தை அழுதார். "எனக்கு மட்டும் பிறக்கும்போதே தெரியுமா?" என்றார் அம்மா.

இரவு பகல் பாராமல் அம்மாவைக் கவனித்த செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த ஊரப்பாக்கம் தெருக்காரர்களுக்கும், எங்களைச் சாப்பிட வைத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களை மறக்க மாட்டோம்.

இந்த மலர்க் கட்டுகளை நாளை அச்சகத்திலிருந்து ஏற்றி வரப்போவது அதே வெள்ளைக் கார்தான். மாமா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவார். ஓட்டப் போவது அத்தை.