எட்டு நொடிப் புல்லாங்குழல்

அந்த மின்னஞ்சலை நான் பார்த்தது காலை எட்டரை மணிக்கு. மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து போனை எடுத்தபோது, பின்பக்கத் தோப்பில் தண்ணீருக்குப் போர் போடும் லாரி என்ஜினை முடுக்கியிருந்தது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. மின்னஞ்சலில் நான்கே வரிகள். நீங்கள் அனுப்பிய இசையில் அசல் இசைத்தட்டிலிருந்து எடுத்த ஒலி கலந்திருக்கிறது, எட்டாவது நிமிடத்தில் புல்லாங்குழல் வரும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் நேரம் மதியம் இரண்டரைக்கு வீடியோவில் பேச வேண்டும். வழக்கமாகக் கடைசியில் போடும் 'அன்புடன்' அதில் இல்லை.

எழுதியவர் இங்கிலாந்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். ஐம்பது வருடங்களுக்கு முன் புகழ்பெற்றிருந்த ஒரு புரோகிரசிவ் ராக் குழுவின் பாட்டுகளை மேடையில் அச்சு அசலாக வாசிக்கும் குழு ஒன்றை நடத்துகிறார். அந்தப் பாட்டுகள் சாதாரணமானவை அல்ல. ஒரே பாட்டு இருபத்திரண்டு நிமிடம் போகும். தாளம் ஏழில் ஆரம்பித்து ஒன்பதுக்குத் தாவும். அந்தக் காலத்து வாத்தியங்கள் இப்போது கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நான்கு பேர் தூக்க வேண்டும். அதனால் எல்லா ஒலிகளையும் கம்ப்யூட்டர் வாத்தியங்களில் உருவாக்கித் தரும் வேலை, கீரமங்கலத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்திருந்தது.

வந்த வழியைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் அறந்தாங்கியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். திருவிழா மேடைகளுக்கு மைக் செட் போட வருபவர்தான் பிறகு என் கணவரானார். புது ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்கினால் அவர் முதலில் போட்டுப் பார்ப்பது அந்த ஆங்கிலக் குழுவின் பாட்டைத்தான். மேலும் கீழும் எல்லாச் சத்தமும் அதில் இருக்கிறது என்பார். சாமி பாட்டுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தின் தலைக்கு மேல் ஒரு ஆர்கன் அரை நிமிடம் சுழன்றுவிட்டு நின்றுபோகும். முழுப் பாட்டையும் கேட்க வேண்டும் என்று நான் போய்க் கேட்டதுதான் எங்களுடைய முதல் பேச்சு.

கல்யாணமாகி இரண்டாவது வருடம் எலக்ட்ரீசியனாகக் கத்தாருக்குப் போனார். முதல் லீவில் வந்தபோது ஒரு லேப்டாப்பும் சின்ன கீபோர்டும் வாங்கி வந்தார். அந்தப் பாட்டின் ஆர்கனை நான் முதலில் செய்து பார்த்தேன். அப்புறம் பேஸ் கிட்டார், அப்புறம் மற்றவை. நான் வாசித்து அனுப்புவேன், அவர் கேம்ப் அறையில் வெள்ளிக்கிழமைகளில் எல்லாவற்றையும் சேர்த்து மிக்ஸ் செய்வார். இணையத்தில் போட்ட ஒரு துண்டைக் கேட்டுத்தான் இங்கிலாந்துக்காரர் எங்களைத் தேடி வந்தார்.

வேலையில் பெரிய சிரமம், கம்ப்யூட்டர் வாத்தியம் ரொம்பச் சுத்தமாக இருப்பது. அந்தக் காலத்துக் கீபோர்டு வாத்தியம் ஒன்றில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு ஒலிநாடா உண்டு. கட்டையை அழுத்தினால், யாரோ எப்போதோ ஊதிப் பதிவு செய்த புல்லாங்குழல் அந்த நாடாவிலிருந்து வரும். நாடா எட்டு நொடிதான் ஓடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். பழைய நாடாக்கள் என்பதால் ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் நடுங்கும், கொஞ்சம் தள்ளாடும். அந்த நடுக்கத்தை ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியாக நான் வைத்தேன். நாடா இரைச்சல் வைத்தேன். கட்டை தட்டும் ஓசைகூட வைத்தேன்.

எல்லாம் முடிந்து புல்லாங்குழல் பகுதி மட்டும் மிஞ்சியிருந்தபோது காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியும் விரல் மூட்டுகள் மடங்கவில்லை. எப்படி வாசித்தாலும் அந்தப் பதினோரு நொடி அசல் மாதிரி வரவில்லை. முடிந்ததை வாசித்து, சுமாராகத்தான் இருக்கிறது என்று சொல்லி கணவருக்கு அனுப்பினேன். அவர் மிக்ஸ் செய்து அங்கிருந்தே இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார். போகும் முன் நான் ஒருமுறை முழுதாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து இங்கிலாந்துக்காரர், எல்லாவற்றிலும் மேலாக அந்தப் புல்லாங்குழல் தன்னைக் கலங்கடித்துவிட்டது என்று எழுதினார். உள்ளே ஏதோ உறுத்தியது. ஆனாலும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

அன்று காலை படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டேன். எட்டாவது நிமிடம். குழல் மேலேறி நீளமாக நிற்கும் இடத்துக்குப் பின்னால், மிக மெல்லிதாக ஒரு கிறீச். யாரோ மர நாற்காலியில் அசைந்து உட்காரும் சத்தம். அசல் பாட்டைப் போட்டேன். அதே இடத்தில் அதே கிறீச். மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டேன். இத்தனை வருடங்களாக அசலில் அதை நான் கவனித்ததே இல்லை. நான் வைக்காத சத்தம் என் பெயரில் போயிருந்தது. அந்த இசையை என்னைத் தவிரத் தொட்டவர் ஒருவர்தான்.

அவருக்குப் போன் போட்டேன். வேலை இடத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பத்து மணி டீ நேரத்தில்தான் கொடுப்பார்கள். அது நமக்குப் பன்னிரண்டரை. கூப்பிடச் சொல்லி ஒரு வரி அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

அந்த நான்கு மணி நேரமும் வீட்டு வேலை நிற்கவில்லை. மாமனார் வந்து போர் ஆட்களுக்கு டீ கேட்டார். போட்டேன். கல் தூசி பறந்து வந்து அடுப்பு மேடையில் வெள்ளையாகப் படிந்தது. துடைத்தேன், மறுபடி படிந்தது. இங்கிலாந்துக் குழுவின் மேடைக் கச்சேரிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அசலிலிருந்து ஒரு நொடி எடுத்தாலும் இசைத்தட்டின் உரிமைக்காரர்கள் அவர்கள் மேல் வழக்குப் போடலாம். ஒப்பந்தத்தில் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள், நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

பன்னிரண்டரைக்கு அவர் கூப்பிட்டார். மின்னஞ்சலையும் நாற்காலிக் கிறீச்சையும் சொல்லிவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"எட்டாவது நிமிஷத்துல வர்ற கொழலு நான் வாசிச்சதாங்க?"

அந்தப் பக்கம் டீ கிளாஸ்களின் சத்தம் கேட்டது. "இல்ல" என்றார்.

பாட்டிலிருந்து ஒரு வாத்தியத்தை மட்டும் பிரித்தெடுக்கும் சாஃப்ட்வேர் இப்போது எல்லாரிடமும் இருக்கிறது. அதில் அந்தப் பதினோரு நொடியைப் பிரித்து, என்னுடையதை எடுத்துவிட்டு வைத்திருக்கிறார். எனக்கு விரல் மடங்கவில்லை, தேதி நெருங்கிவிட்டது, இவ்வளவு பாடுபட்டது ஒரு சின்ன இடத்தால் கெட்டுப்போகக் கூடாது என்று நினைத்துச் செய்ததாகச் சொன்னார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா வேணாம்ன்டு சொல்லியிருப்ப" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இந்தா, நான் சொல்றதக் கேளு. நாற்காலிச் சத்தத்த நாமளேதான் வச்சோம்ன்டு சொல்லிரு. டேப் எரைச்சலு வைக்கலயா, அது மாதிரி. அவுங்க எப்புடி இல்லங்கிறது?"

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பழைய சத்தங்களை வேண்டுமென்றே வைத்ததாக நான் முன்பே எழுதியிருந்தேன். இன்னும் ஒன்று என்று சொன்னால் அந்த மனிதர் நம்பிவிடக்கூடும். நாளைக்கு வழக்கு என்று வந்தால் மேடையில் நிற்கப்போவது அவர், நாம் இல்லை என்றேன். "அப்ப எல்லாம் போகட்டும்ங்கிறியா?" என்று கேட்டார். அதற்குள் போனைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது.

இரண்டு மணி நேரம் இருந்தது. என்ன சொல்வதாக இருந்தாலும் அந்தப் பதினோரு நொடியை வாசித்துவிட வேண்டும் என்று லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு மணிக்குக் கரண்ட் போனது. லாரியின் கம்பம் மின்கம்பிக்குப் பக்கத்தில் நிற்பதால், அப்போதுதான் வந்த லைன்மேன் இணைப்பைத் துண்டித்திருந்தார். எங்கள் இன்வெர்ட்டர் பாட்டரியோ போன மாதமே உப்பிப்போய் மூலையில் கிடந்தது. எப்போது வரும் என்று மாமனாரிடம் கேட்டேன். "போர் முடியணும் ஆத்தா, அப்பறந்தான் லைன விடுவாக" என்றார். லேப்டாப்பில் அறுபத்திரண்டு சதவீதம் இருந்தது.

எது வரவில்லை என்று மறுபடி மறுபடி அசலைக் கேட்டேன். குழல் நீளமாக நிற்கும் அந்தச் சுரம் பத்து நொடிக்குப் பக்கத்தில் நீள்கிறது. நாடா எட்டு நொடிதானே? கம்ப்யூட்டர் வாத்தியத்தில் நாடா தீராது, நான் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அப்படியானால் அசலில் வாசித்தவர் எங்கேயோ விரலை எடுத்து மறுபடி அழுத்தியிருக்க வேண்டும். தேடினேன். ஆறாவது நொடியில், டிரம் ஒன்று விழும் ஓசைக்கு அடியில் ஒளித்து, அவர் விரலை எடுத்திருந்தார். குழல் அங்கே மறுபடி மூச்செடுக்கிறது. நாடா முழுசாகத் திரும்பும் முன் அழுத்தியதால் மறுபடி எழும் சுரத்தில் ஒரு அவசரமும் இருக்கிறது. நான் மூன்று வாரமாகத் தேடிய தள்ளாட்டம் நாடாவில் இல்லை, அந்த அவசரத்தில் இருந்தது.

எட்டு நொடியில் ஒலி அறுந்துபோகும்படி மாற்றிவிட்டு வாசித்தேன். நெருங்கி வந்தது. ஆனால் விரல் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை.

இரண்டு இருபதுக்குத்தான் அடுத்த சிக்கல் புரிந்தது. இங்கிலாந்துக்காரர் கண் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டுமென்றால் லேப்டாப் ஸ்பீக்கர் சத்தம் போனுக்குக் கேட்க வேண்டும். பின்னால் லாரி பாறையை இடித்துக்கொண்டிருந்தது. தோப்புக்கு ஓடினேன். மாமனாரிடம் நான் செய்யும் வேலையைப் பற்றி அதுவரை அதிகம் பேசியதில்லை. என் வேலைக்கு ஆபத்து வந்திருக்கிறது, அரை நிமிடம் சத்தம் நின்றால் போதும் என்று மட்டும் சொன்னேன். நடுவில் நிறுத்த முடியாது, துளைக்குள் கம்பி மாட்டிக்கொள்ளும் என்று போர்க்காரர்கள் கையை விரித்தார்கள். மாமனார் தலையைச் சொறிந்தார்.

"அடுத்த ராடு கம்பிய மாட்டயில லாரி ரெண்டு நிமிசம் நிக்கும். நான் கொல்லைக் கதவுகிட்ட நின்னு கைய தூக்குறேன், அப்ப வாசிச்சுக்க."

இரண்டரைக்கு அழைப்பு வந்தது. போனை அரிசி டின் மேல் சாய்த்து வைத்திருந்தேன். இங்கிலாந்துக்காரர் சுகம் விசாரிக்கவில்லை. அந்தப் புல்லாங்குழல் உங்களுடையதா என்று கேட்டார். கணவர் சொல்லிக்கொடுத்த பதில் நாக்கு நுனியில் இருந்தது.

இல்லை என்றேன். அசலிலிருந்து எடுத்தது, என் கணவர் வைத்தார், அனுப்பும் முன் நான் கேட்டிருக்க வேண்டும், நீங்கள் பாராட்டியபோதும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். இப்போதே வாசித்துக் காட்டுகிறேன், ஆனால் இங்கே சத்தம் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும் என்றேன். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. விரல்கள் தெரியும்படி போனைத் திருப்பச் சொன்னார்.

நாங்கள் இருவரும் காத்திருந்தோம். லேப்டாப்பில் பதினேழு சதவீதம். சட்டென்று இடி நின்றது. கொல்லைக் கதவருகே மாமனாரின் கை உயர்ந்தது. வாசித்தேன். ஆறாவது நொடியில் விரல் எழும்பத் தாமதித்தது, சுரம் அசிங்கமாக அறுந்தது. மறுபடி ஆரம்பிப்பதற்குள் லாரி இடிக்கத் தொடங்கிவிட்டது.

அடுத்த ராடுக்கு இருபது நிமிடம் போல ஆனது. அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் ஒலி இல்லாமல் அந்த ஒரு விரலை மட்டும் எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஆறு சதவீதத்தில் கை மறுபடி உயர்ந்தது. இந்தத் தடவை டிரம் விழ வேண்டிய இடத்தில் விரல் எழுந்தது, இறங்கியது. குழல் மூச்செடுத்து மேலே போனது. பதினோரு நொடி. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் பாராட்டவில்லை. நடுவில் ஏன் விரலை எடுத்தீர்கள் என்று கேட்டார். நாடாவின் கணக்கைச் சொன்னேன். தலையாட்டினார். மிக்ஸ் செய்யாத தனித்தனிப் பதிவுகள் எல்லாம் இன்றைக்கே வர வேண்டும், ஒவ்வொன்றையும் தங்கள் ஆட்கள் சோதிப்பார்கள், மிக்ஸிங்கை இனி அவர்களே பார்த்துக்கொள்வார்கள், உங்கள் கணவரின் கை இதில் படக்கூடாது என்றார். சரி என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்ல எனக்கு அன்று உரிமை இல்லை.

சோதித்ததில் வேறு குறை எதுவும் வரவில்லை. கச்சேரி நடந்தது. அவர்கள் அனுப்பிய நன்றிப் பட்டியலில் என் பெயர் இருந்தது, கணவரின் பெயரை எடுத்திருந்தார்கள். அதை நானே அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று நாள் மகளிடம் மட்டும் பேசினார். நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். அதோடு சரி.

இப்போது வேறொரு குழுவின் வேலை வந்திருக்கிறது. மிக்ஸிங் மறுபடி என் கணவர்தான். எங்கே எதைத் தொட்டாலும் எழுதி அனுப்ப வேண்டும், நான் முழுதாகக் கேட்ட பிறகுதான் வெளியே போக வேண்டும் என்று சொன்னேன். ஒப்புக்கொண்டார். கேட்டுக்கொண்டு வரும்போது சில இடங்களில் நிறுத்தி, இது நான் வாசித்ததா என்று கேட்கிறேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது பதில் வரும் வேகத்திலேயே தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்.