பளிங்குக் குழாயடி

உஸ்குதார் மேட்டில் எங்கள் தெருவுக்கென்று ஒரு பளிங்குக் குழாயடி உண்டு. சுல்தான் பட்டமேறி இருபத்தைந்து வருஷம் ஆனதற்காகக் கட்டியது. உச்சியில் அவருடைய கையெழுத்து முத்திரை, தாம்பாளம் அகலத்துக்குத் தங்கப் பூச்சோடு. கப்பலில் வருகிறவனுக்கும் இது யாருடைய தலைநகரம் என்று தெரிய வேண்டுமாம். தண்ணீர் என்னவோ ஆறே வருஷம்தான் வந்தது. பூமிக்கடியில் எங்கேயோ குழாய் உடைந்து நின்றுபோனது.

நான் தையல்காரி, எப்படியோ சமாளித்துக்கொள்வேன். எதிர்வீட்டு நெஃபிசே அக்கா சலவைக்காரி. புருஷன் போருக்குப் போய்த் திரும்பவில்லை, துணி வெளுத்தால்தான் அடுப்பு எரியும். கீழே படகுத்துறைக் குழாயிலிருந்து தினமும் பதினாலு நடை, நடைக்கு ஒரு வாளி, தொண்ணூறு படி. இடுப்பு விட்டுப்போயிற்று.

எத்தனை மனு போட்டாள்! ஒருமுறை ஆட்கள் வந்தார்கள். வெளிநாட்டு இளவரசர் வருகிறாராம், முத்திரைக்குப் புதுத் தங்கம் பூசவாம். குழாயைப் பாருங்கள் என்றால், "எங்களுக்கு மேல் வேலை மட்டும்தாம்மா" என்றார்கள். பளிங்கைக் கழுவ அவளிடமே இரண்டு வாளி தண்ணீர் வாங்கிக்கொண்டார்கள். இவளும் கொடுத்தாளே, இன்றைக்கும் எனக்கு வயிறெரிகிறது.

பிறகு சுல்தானும் போனார், தலைநகரும் அங்காராவுக்குப் போனது. அக்கா புது ஆட்சிக்குப் புது மனு போட்டாள். போன மாசம் ஒரு கொத்தனார் ஏணியோடு வந்து நிற்க, ஈரக்கையோடு ஓடினாள்.

"குழாயைச் சரி பண்ணத்தானே வந்தீங்க, தம்பி?"

"இல்லக்கா. பழைய முத்திரை எதுவும் வெளிய தெரியக்கூடாதுன்னு சட்டம் வந்திருக்கு. சாந்து பூசி மூடணும். குழைக்க ஒரு வாளி தண்ணி குடுங்களேன்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "குழாயடியில நின்னுகிட்டு என்கிட்ட ஏன் கேக்குற? திருகிப் பிடிச்சுக்கோ."

திருகினார். துருதான் கையில் ஒட்டியது.

"அப்போ படகுத்துறைக்குப் போ. தொண்ணூறு படி. நான் எண்ணி வச்சிருக்கேன்."

போனார், பாவம். இரண்டு வாளியோடு மூச்சு வாங்க ஏறி வந்து, "தினமுமா அக்கா?" என்றார்.

"பதினாலு நடை."

ஒரு வாளித் தண்ணீரில் சாந்தைக் குழைத்தார். பூசி முடித்தார். முத்திரை இருந்த இடம் மொழுமொழுவென்று ஆனது. மிஞ்சிய ஒரு வாளியை அக்காவின் வாசலில் வைத்துவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அக்கா அதைத் துணித்தொட்டியில் ஊற்றினாள்.

"இன்னிக்குப் பதிமூணு நடைதான்டி" என்றாள் என்னிடம். சொல்லிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள்.