மாஸ்டர் என்ற சொல்

எங்கள் வீட்டில் மாஸ்டர் என்றால் ஒரே பொருள்தான். வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு காலையில் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிறவர். கல்யாண வீட்டில் முன்வரிசைக் கதிரை அவருக்கு. அவர் வருவதைக் கண்டால் அப்பா மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு எழுந்து நிற்பார்.

பட்டப்படிப்பின் பெறுபேறு வந்த வாரம், "மாஸ்டர்ஸ் படிக்கப் போறன், கொழும்பில" என்றேன். முதுமாணி என்று தமிழில் சொல்லியிருக்கலாம். ஆங்கிலச் சொல் பெரிதாகக் கேட்டது. அப்பா அப்போதுதான் ஆற்றிலிருந்து வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அவருக்கு அதில்தான் மீன்பிடித் தொழில். வாளியைக் கீழே வைத்தார்.

"மாஸ்டருக்கா?"

"ஓம்."

"பொம்புளப் புள்ளய ஆரும் மாஸ்டர் எண்டு சொல்லுவாங்களா? டீச்சர் எண்டு சொல்லுங்க" என்று அம்மா குசினிக்குள் இருந்து சிரித்தார்.

"பெரிய படிப்புப் படிச்சா ஆரெண்டாலும் மாஸ்டர்தான். உனக்கென்ன தெரியும்?"

நானும் சிரித்தேன். அது அப்படியில்லை என்று சொல்ல ஒரு வசனம் போதும். நான் சொல்லவில்லை. கொழும்புக்கா, தனியவா என்று முதலில் கேட்கவேண்டிய மனிதர் அதைக் கேட்கவே இல்லை. முகம் அப்படி மலர்ந்திருந்தது. அதைக் கெடுத்தால் போகவிட மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

விண்ணப்பப் படிவத்தில் இரண்டு தெரிவுகள் இருந்தன. ஒன்று பொதுவான வணிக நிர்வாகம். மற்றது வழங்கல் சங்கிலி என்ற ஒரே துறையில் விசேட முதுமாணி. ஒரு பொருள் விளைகிற இடத்திலிருந்து வாங்குகிறவர் கைக்குப் போய்ச் சேரும்வரை என்ன நடக்கிறது என்ற படிப்பு. பட்டப்படிப்பின் கடைசி வருடம் வாழைச்சேனையில் ஒரு மீன் கம்பனியின் ஐஸ் களஞ்சியத்தில் பயிற்சிக்கு இருந்தேன். லொறி வரப் பிந்திய ஒரு நாள், பெட்டி பெட்டியாக இறால் தலை கறுத்துப்போவதை நின்று பார்த்தேன். அன்றிலிருந்து அந்தப் படிப்பின் மேல் ஒரு கண்.

எனக்குப் படிப்பித்த விரிவுரையாளர் ஒருவர் மறித்தார். "பொதுவானத எடும் பிள்ளை. வங்கி, அரசாங்கக் கச்சேரி எண்டு எங்கயும் கேட்டுப் பார்க்கலாம். மற்றதப் படிச்சா கொழும்ப விட்டு வர ஏலாது. இஞ்ச அதுக்கு வேலை இல்ல."

"யோசிச்சுத்தான் மிஸ் எடுத்தனான்" என்றேன்.

யோசிக்கவில்லை. இறால் ஒரு காரணம்தான். உண்மையில் பொது என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகப் பார்த்த முதல் ஆள் நான். எல்லாரும் எடுப்பதை நானும் எடுப்பதா? விசேடம் என்பதற்கு நேரே அடையாளமிட்டேன். வேறு யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும்.

அதே மாதம் பட்டதாரி ஆசிரியர் பரீட்சைக்கும் விண்ணப்பம் கோரியிருந்தார்கள். எங்கள் பக்கம் வணிகப் பாடத்துக்கு ஆளில்லை என்று சிநேகிதி வாட்ஸப்பில் இரண்டு தடவை அனுப்பினாள். முடிவுத் திகதியன்று பகல் முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். விண்ணப்பிக்கவில்லை. டீச்சராகும் வழியை நானே தவறவிட்டுவிட்டு, வீட்டில் டீச்சராகப் போகிறவளாகவே சாப்பிட்டேன், நடமாடினேன்.

ஊருக்கும் கதை போய்விட்டது. பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் எட்டி அம்மாவிடம், "என்னகா, இனி உங்களோட கதைக்கிறெண்டா எழும்பி நிக்கோணுமாக்கும்?" என்று கேட்டாள். அம்மாவும் விடவில்லை. "நிண்டா என்ன, கால் தேஞ்சா போகும்?"

விடுதிக்கான படிவத்தில் பெற்றோரின் கையொப்பம் வேண்டும். அப்பாவுக்குத் தன் பெயரை எழுத நான்தான் சொல்லிக்கொடுத்தேன், பத்தாம் வகுப்பில் இருக்கும்போது. மேசையில் குனிந்து, பேனையை அழுத்திப் பிடித்து, மூச்சையும் பிடித்துக்கொண்டு எழுதினார். "மாஸ்டருக்கு ஒப்பம் வெக்கிறண்டா சும்மாவா?" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஆற்றில் பட்ட நல்ல நண்டுகளாகப் பார்த்துக் கால் கட்டி, உயிரோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு எங்கள் பள்ளிக்கூட அதிபரின் வீட்டுக்குப் போனார். மகள் படித்து முடித்து வரும்போது அங்கேயே ஒரு இடம் பார்த்துவைக்கச் சொல்லிக் கேட்க. எங்களிடம் சொல்லாமல் போனார். திரும்பி வந்தபோது பை கையிலேயே இருந்தது.

"அதிபர் சேர் சிரிக்கிறார், புள்ள" என்றார். "அது படிப்பிக்கிற வேலைக்கில்லையாம். யாவாரம் படிக்கிறதாம். மெய்யா?"

"முகாமைத்துவம், அப்பா. சாமான் எப்பிடிப் போகுது, எங்க பழுதாகுது எண்டு..."

"யாவாரமா இல்லையா?"

"ஓம்."

"கரையில தராசோட நிக்கிறானே, அவன் எந்தக் கொழும்பில படிச்சவன்?"

அவரது வாழ்நாளில் அவர் பிடித்த மீனை அவர் சொன்ன நிறைக்கு ஒருவன் எடுத்ததில்லை. எங்கள் வீட்டில் யாவாரி என்பது திட்டும் சொல்.

"என்ட புள்ள தராசு பிடிக்கப் போகுதாம். அதுக்கு நான் ஒப்பம் வெச்சிருக்கன்."

"மறுகா கதைப்பம், கோவிக்காதங்க" என்று அம்மா பையை வாங்கினார்.

"அந்தக் கடுதாசிய இஞ்ச தா, புள்ள."

"அனுப்பிட்டன்" என்றேன்.

படிவம் என் கைப்பைக்குள் இருந்தது. மறுநாள் காலை பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டேன். அந்த நண்டை அம்மா கறி வைத்தார். ஒருவரும் வாய்க்கு ருசியாகச் சாப்பிடவில்லை. நான் புறப்பட்ட நாளன்று அப்பா வழக்கத்தைவிட நேரத்தோடு ஆற்றுக்குப் போய்விட்டார்.

கொழும்பில் முதல் வகுப்பில் ஒவ்வொருவராக எந்த நிறுவனம் என்று கேட்டார்கள். என்னைத் தவிர எல்லாருக்கும் ஒன்று இருந்தது. பிறகு பலகையில் பெட்டிகள் கீறி அம்புக்குறி போட்டார்கள். முதல் பெட்டி உற்பத்தி செய்கிறவர். இரண்டாவது அவரிடமிருந்து சேகரிக்கிறவர். ஆங்கிலத்தில் அது மிக மரியாதையான சொல். கொப்பியில் அதற்குப் பக்கத்தில் தமிழில் யாவாரி என்று எழுதி, பிறகு வெட்டினேன்.

இப்போது படிப்பு முடியப் போகிறது. மட்டக்களப்பில் கேட்ட இடங்களில் இந்தத் தகைமைக்கு வெற்றிடம் இல்லை என்றார்கள். மிஸ் சொன்னதேதான். இங்கே கொழும்பில் கிடைக்கக்கூடிய ஒரே வேலை ஒரு கடலுணவுக் கம்பனியின் கொள்வனவுப் பிரிவில். எங்கள் பக்கம், கிழக்குக் கரையில் மீன் வாங்குவதற்கு ஆள் வேண்டுமாம். இன்னும் பதில் எழுதவில்லை.

போன கிழமை அம்மா போன் எடுத்தார். ஒரு கல்யாண வீட்டில் மகள் என்ன செய்கிறாள் என்று ஆரோ அப்பாவிடம் கேட்டார்களாம்.

"அப்பா என்ன சொன்னார்?"

"கொழும்பில பெரிய பள்ளிக்கூடத்தில மாஸ்டரா இருக்கா எண்டார்."

"அம்மா, அப்பாவுக்குத் தெரியும்தானே?"

"தெரியாமலா? நானும் பக்கத்தில நிண்ட. நானும் ஒண்டும் சொல்லல்ல."

மீனின் நிறையில்கூடப் பொய் சொல்லாத மனிதர். நான் திருத்தாமல் விட்ட சொல்லைத்தான், பொய்யென்று தெரிந்துகொண்டே, ஊருக்கு முன்னால் சொல்லியிருக்கிறார்.

"சித்திரை வருசத்துக்கு வாறியா எண்டு கேக்கச் சொன்னார்" என்றார் அம்மா.

பரீட்சை இருக்கிறது என்றேன். பரீட்சை எல்லாம் முடிந்துவிட்டது.