கடுகு வெடித்தால் ஓடும் சமையல்காரி

1. கரண்டி தேடிய கதை

தீக்காயம் ஆறி, விடுதிக்குத் திரும்பிய முதல் நாள். உதவியாள் ஜோதி எண்ணெயில் கடுகைப் போட்டாள். பட்டென்று வெடித்தது. அடுத்த நொடி நான் காய் நறுக்கும் மேசைக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. என் உடம்புக்கு அந்த மேசை சிறியது.

வார்டன் மேடம் குனிந்து பார்த்தார். "என்ன பார்வதிம்மா, அங்க என்ன பண்றீங்க?"

"கரண்டி விழுந்துடுச்சு மேடம்."

கரண்டி என் கையிலேயே இருந்தது.

அப்போது திருச்சியில் ஒரு பெண்கள் விடுதியில் நான் தலைமைச் சமையல்காரி. வீடு ஸ்ரீரங்கத்தில். அதற்கு இரண்டு மாதம் முன்பு சிலிண்டர் மாற்றும்போது டியூப் கசிந்து, சமையலறையில் குப்பென்று தீப்பிடித்தது. ஜோதியைச் சடையைப் பிடித்து வெளியே இழுத்தேன். எனக்குக் கை வெந்தது, அவளுக்குத் தோள். யாரும் சாகவில்லை. அதுதான் தொந்தரவு. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வசனம் பேசினார்கள்: "ஒண்ணும் ஆகலல்ல, விடுங்க."

நானும் விடத்தான் பார்த்தேன். அது என்னை விடவில்லை.

2. பருப்புக் கஷாயம்

எங்கே போனாலும் கேஸ் வாடை அடித்தது, ஊதுபத்திக் கடையில்கூட. தூங்கினால் தீ, விழித்தால் எரிச்சல். பஸ்ஸில் கதவோரம்தான் உட்காருவேன். ஒரு நாள் காவிரிப் பாலத்தில் ஏதோ லாரி டயர் வெடித்தது. "நிறுத்துங்க!" என்று நான் போட்ட கூச்சலில் கண்டக்டரே விசிலை விழுங்கப் பார்த்தார். இறங்கி, மிச்சத் தூரம் நடந்தே வீடு போனேன். வீட்டில் அடுப்பு பற்றவைக்காமல் என் கணவருக்குத் தயிர்சாதமாகவே போட்டேன். சோறு ஹோட்டலிலிருந்து.

விடுதியில் வேறு தந்திரம். தாளிக்காத சாம்பார், தாளிக்காத ரசம், தாளிக்காத சட்னி. ஒரு பிள்ளை தட்டோடு வந்து நின்றாள்.

"அக்கா, இது சாம்பாரா, பருப்புக் கஷாயமா?"

"உடம்புக்கு நல்லதும்மா."

"எங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லக்கா."

3. அருள்வாக்கு

என் கணவர் கவலைப்பட்டார். "கண்ணு பட்டிருக்கு, சமயபுரம் போயிட்டு வந்துடுவோம்." போனோம். வாசலில் யாரோ சிதறுதேங்காய் உடைத்தார்கள். நான் கத்திக்கொண்டு ஓடினேன், தலைமுடி அவிழ்ந்துவிட்டது. இவர் பின்னால் ஓடி வந்தார். ஜனங்கள் எனக்கு அருள் வந்துவிட்டதென்று வழிவிட்டார்கள். ஓர் அம்மாள் பொத்தென்று காலில் விழுந்தார்.

"தாயே, எம் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆகும்?"

மூச்சு வாங்கியபடி, "தையில" என்றேன். விட்டால் போதும் என்றிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். சிரிப்பாய்ச் சிரிக்கிற பிழைப்பாகிவிட்டதே என்று. என் கணவர் அவிழ்ந்த கொண்டையை முடிந்துவிட்டார். கோணலாக இருந்தது.

4. ஜோதியின் பாட்டு

மெஸ் கமிட்டி புகார் கொடுத்துவிட்டது. வார்டன் என்னைக் கூப்பிட்டார். "ஒண்ணு அடுப்புக்கிட்ட நில்லுங்க, இல்லேன்னா நான் வேற ஆளப் பார்க்கணும். நான் என்னதான் பண்றது சொல்லுங்க?"

கூட வந்த ஜோதிதான் பேசினாள். "மேடம், அக்காவுக்குப் பயம். எனக்கும்தான். நான் சத்தமா பாடிக்கிட்டே பத்த வைக்கறேன், அதான் தெரியல."

விபத்துக்குப் பிறகு அவள் அடுப்படியில் கத்திப் பாடிய கொடுமைக்குக் காரணம் அன்றுதான் தெரிந்தது. வார்டன் புகார்த் தாளை மடித்து வைத்தார். பிறகு, "ரெண்டு பேரும் நாளைக்கு பெரியாஸ்பத்திரி போங்க. மனநல டாக்டரப் பாருங்க. வேலைய நான் பார்த்துக்கறேன்" என்றார்.

சின்ன வயசு டாக்டரம்மா. முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்குப் பேரு பி.டி.எஸ்.டி." என்றார். எனக்கு ஏதோ போஸ்டாபீஸ் சேமிப்புத் திட்டம் போலக் கேட்டது.

"நான் கோழையாயிட்டேனா டாக்டர்?"

"இல்லம்மா. பெரிய விபத்துக்கு அப்புறம் மனசுக்கு வர்ற பாதிப்பு இது. தீ அணைஞ்சது உங்களுக்குத் தெரியும், உங்க உடம்புக்கு இன்னும் தெரியல. அதுக்கு மெதுவா சொல்லிக் கொடுக்கணும்."

சொல்லிக் கொடுத்தோம். வாராவாரம் அந்தத் தீ விபத்தை முதலிலிருந்து கடைசிவரை அவரிடம் சொல்ல வேண்டும். முதல் தடவை வியர்த்துக் கொட்டி, பாதியில் எழுந்து வந்தேன். போகப் போக எனக்கே கதை சலித்தது. அதுதான் மருந்தாம். இடையில் வீட்டுப்பாடம்: ஜோதி தாளிக்க, நான் வாசலில் நிற்பது, பிறகு உள்ளே, பிறகு அவள் பக்கத்தில். ஒரு காலை நானே கடுகைப் போட்டேன். பாதி தரையில் சிந்தியது. மீதி வெடித்தது. நான் நின்றேன். ஜோதி அழுதாள், பிள்ளைகளுக்கு அன்றைக்கு உப்பு தூக்கலான சாம்பார்.

5. இப்போது

ஓய்வு பெறும்வரை அங்கேதான் வேலை பார்த்தேன். முழுக்கப் போய்விட்டதா என்றால், இல்லை. தீபாவளிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பேன். அதற்கு வெட்கப்படுவதில்லை.

புதிதாகச் சமையல் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். டியூபை அடிக்கடி மாற்றுங்கள். கூட வேலை செய்கிறவருக்கு விபத்து நேர்ந்தால், தைரியம் சொல்ல அவசரப்படாதீர்கள். "என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். சமையலறையில் அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.