இரவல் நாற்காலிகள்

என் வீட்டுக்காரருக்கு இதயம் வீங்கிப் போயிருந்தது. திருச்சி டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, "பம்ப் பண்ற சக்தியே கொஞ்சந்தாம்மா இருக்கு" என்றார். மாத்திரை இனிப் போதாதாம். சென்னையில் நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து இதயத்தில் செலுத்திப் பார்க்கிறார்களாம். புதிய முறை, பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். இருந்த நிலத்தை விற்றாலும் எட்டாத செலவு. இல்லாதவர்களுக்கு ஓர் அறக்கட்டளை உதவுகிறது என்றும் சொன்னார். உறுதி இல்லை என்றது என் காதில் ஏறவே இல்லை.

அது 2006. திருமழபாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். டிராக்டர் ஓட்டிய மனுஷன், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்குவார்.

மனுப் போட்டோம். அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மா வீட்டைப் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. எங்களுக்குத் தோன்றியது ஒன்றுதான்: விருந்தாளி வருகிறார். பட்டணத்து ஆளைத் தரையில் உட்கார வைக்க முடியுமா? பக்கத்து வீட்டு அக்கா, மகள் சீருக்காக வாங்கி வைத்திருந்த நாற்காலிகளை உறை பிரித்துக் கொண்டுவந்து போட்டாள். டேபிள் ஃபேனும் வந்தது. "வெறுங்கழுத்தோடயா நிப்ப?" என்று தன் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள்.

என் வீட்டுக்காரர் செய்தது இதையெல்லாம் மிஞ்சியது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கார் சத்தம் கேட்டதும் எழுந்து வாசல்வரை நடந்துவிட்டார்.

"வாங்கம்மா, வெயில்ல வந்துருக்கீங்க."

"இப்ப உடம்பு எப்படிங்க இருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"நல்லாருக்கேங்க."

வீடு தேடி வந்தவரிடம் வேறென்ன சொல்வார்? மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்தார். சாப்பிட உட்கார்ந்த அந்த அம்மாவுக்கு முட்டைக் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். கார் தெருமுனை திரும்பும்வரை நின்றார். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நானும் அக்காவும் தாங்கித்தான் உள்ளே கொண்டுவந்தோம்.

பதிலே வரவில்லை. அரியலூருக்குப் பஸ் ஏறிப்போய் பூத்திலிருந்து போன் போட்டேன். அந்த அம்மா கனிவாகத்தான் பேசினார்.

"உங்களைவிடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்கம்மா. உங்க வீட்டுக்காரர் நல்லா நடமாடுறார். வீட்டுலயும் வசதி இருக்கு."

"அந்தச் சங்கிலி என்னுது இல்லைங்க! சேரு, ஃபேனு ஒண்ணுமே எங்களுது இல்லைங்க. நீங்க வர்றீங்கன்னுதான்..."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. இப்ப வேற ஆளுக்கு முடிவு பண்ணியாச்சு."

பூத் கண்ணாடியை உடைக்கலாம் போல ஆத்திரம் வந்தது. அந்த அம்மாமேல் இல்லை. வீட்டுக்கு வந்தவரிடம் இல்லாமையைக் காட்டத் தெரியாத எங்கள் வளர்ப்பின்மேல். அந்த எழவு கௌரவத்தை வைத்து ஒரு மூச்சு வாங்க முடியுமா? பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அழுதுகொண்டே வந்தேன்.

அவர் கால் இரண்டும் வீங்கி, சுவரில் சாய்ந்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"இன்னொரு தடவை வந்து பாப்பாங்களாம்" என்று பொய் சொன்னேன்.

அவர் முகம் தெளிந்தது. மூச்சை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அப்ப... கோழி அடிச்சிரு. அன்னைக்கு வெறும் முட்டையோட... அனுப்பிட்டோம்."

சாகும்வரை அவருக்கு அந்தக் குறை இருந்தது.