நாலாவது ட்ராக்கில் எஃபுவா

இதை யாராவது கட்டுக்கதை என்று நிரூபித்தால் எனக்கு அதைவிட நிம்மதி வேறில்லை. கட்டுக்கதையாக இருந்தால் அதில் நான் செய்ததும் பொய்யாகிவிடும் அல்லவா? ஆனால் நடந்தது. சனிக்கிழமை. பட்டப்பகல். கானா நாட்டு டக்கோராடி ஊரில், மார்க்கெட் வட்டத்துக்குப் பின்னால், ஆமிஸாவின் எலக்ட்ரானிக்ஸ் கடையில். பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் பெயர் க்வெக்கு. முப்பது வருடமாகப் பாட்டு மிக்ஸ் செய்கிறேன். குரல், கிட்டார், டிரம் எல்லாவற்றையும் அளவு பார்த்து ஒன்றாகச் சேர்க்கிற வேலை. க்வெக்குவின் காது என்றால் இந்த ஊரில் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதைக்கு நான் தகுதியானவன் இல்லை.

அன்று என்னைக் கடைக்குக் கூப்பிட்டவள் அராபா. வயது இருபத்தாறு. வீட்டிலேயே சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்து, சர்ச் பாட்டும் ரேடியோ விளம்பரமும் செய்து கொடுக்கிறாள். கையில் இருந்தது சாதாரண ஹோம் தியேட்டர் பெட்டி. அதில் கேட்டு மிக்ஸ் செய்த பாட்டு அவள் வீட்டில் தேனாக இருக்கும். ட்ரோட்ரோ மினிபஸ்ஸில் போட்டால் கரகரவென்று மானத்தை வாங்கும். ஏற்கனவே இரண்டு சர்ச்காரர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். மூன்றாமவரும் போனால் அவள் ஸ்டுடியோவை இழுத்து மூட வேண்டியதுதான்.

"நல்ல மானிட்டர் ஸ்பீக்கர் வேணும் மாமா. நீங்கதான் பாத்து எடுத்துத் தரணும்" என்றாள்.

"ஏம்மா, ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"அம்மா சொல்லுவாங்க, மூஞ்சிக்கு நேரா உண்மை பேசற ஒரே ஆளு க்வெக்கு மாமாதான்னு. அவங்க குரல் சரியில்லன்னு அவங்ககிட்டயே சொன்னவராச்சே நீங்க!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் அம்மா எஃபுவா இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

எஃபுவாவின் குரல் சரியில்லை என்று நான் சொன்னது பொய்.

இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது. அப்போதெல்லாம் டேப். ஒரு டேப்பில் எட்டு ட்ராக். ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியம், அல்லது ஒரு குரல். ஒரு ட்ராக்கின் மேல் இன்னொன்றைப் பதிந்தால் முதலில் இருந்தது போயே போச்சு. எஃபுவா தன் பேண்டுக்காக ஒரு சரணம் பாடிவிட்டு வீட்டுக்குப் போனாள். அவள் இருந்தது நாலாவது ட்ராக்கில். எட்டாவது காலி. பிறகு ட்ரம்பெட்காரன் வந்தான். கேப் கோஸ்ட் வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று பறந்தான். அவன் அவசரத்தில் நான் எட்டுக்குப் பதில் நாலைத் திறந்து சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டேன். அவன் ஊதி முடித்துப் போன பிறகுதான் பார்த்தேன். எஃபுவா இல்லை.

மறுநாள் பேண்ட் தலைவர் கேட்டார். "குரல் பிசிறடிச்சுது, நான்தான் எடுத்துட்டேன்" என்றேன். என் காதை அவர் சந்தேகப்படுவாரா? எல்லார் முன்னாலும் அவளை நிற்கவைத்து, இனிமேல் வர வேண்டாம் என்றார். அவள் என்னைத் தேடி வந்தாள். "நெஜமாவே அவ்ளோ மோசமா க்வெக்கு?" என்றாள். நான் அவள் கண்ணைப் பார்த்து "ஆமா" என்றேன். அதற்குப் பிறகு அவள் சர்ச்சில்கூட வாயைத் திறந்து பாடவில்லை. கடைசிவரை துறைமுகத்தில் மீன் விற்றாள்.

சரி, கடைக்கு வருகிறேன்.

ஆமிஸா மூன்று ஜோடி எடுத்து வைத்திருந்தான். அவனுக்கு நாலு மணிக்கு ஒரு சாவுச் சடங்கு. கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு தயாராக நின்றான். "சட்டுபுட்டுனு பாரு க்வெக்கு. பொண்ணு பாக்க வந்தவனாட்டம் சுத்திச் சுத்தி வராத" என்றான்.

மானிட்டர் பெட்டி பாட்டை அழகாக்கக் கூடாது. உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும். அதைச் சோதிக்க எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கரைத்துக் குடித்த பாட்டு ஒன்றை எல்லாப் பெட்டியிலும் போட்டுக் கேட்போம். நான் எனக்குப் பழகிய பாட்டைப் போனில் கொண்டுவந்திருந்தேன். அராபா தடுத்துவிட்டாள்.

"இதைப் போடுங்க மாமா. அம்மா இருந்த பேண்டோட பாட்டு. அவங்க குரல் இல்லாட்டி என்ன, நீங்க மிக்ஸ் பண்ணினதுதானே? உங்களுக்குத் தலைகீழாத் தெரியுமே."

அந்தப் பாட்டை நான் கேட்டே இருபத்து மூன்று வருடம். ரேடியோவில் வந்தால் எழுந்து போய்விடுவேன். அன்று அவள் போனை வாங்கி ஆமிஸாவிடம் கொடுத்தேன்.

மணி 2:10. முதல் ஜோடி.

கிட்டார் சுத்தம். டிரம் சுத்தம். 1 நிமிடம் 52 நொடியில் ட்ரம்பெட் வரும். அதற்குச் சற்று முன்... இடது பக்கம்... 'ஸ்ஸ்ஹ்' என்று ஒரு மூச்சு. பாடப் போகிறவர் இழுக்கிற மூச்சு.

ட்ரம்பெட்காரனின் மூச்சாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் ட்ரம்பெட்டை நான் வைத்தது வலது பக்கம்.

"இடது பெட்டியில ஏதோ இரையுது. ரெண்டு ஒயரையும் மாத்திப் போடு" என்றேன்.

ஆமிஸா முணுமுணுத்துக்கொண்டே மாற்றினான். பாட்டில் இருக்கிற சத்தம் என்றால், ஒயரை மாற்றியதும் இடது பக்கத்தது வலது பக்கம் போய்விடும். போயே ஆக வேண்டும்.

மணி 2:19. மறுபடி அதே இடம். ட்ரம்பெட் ஒழுங்காக இடது பக்கம் மாறியிருந்தது.

'ஸ்ஸ்ஹ்...'

அது மட்டும் மாறவில்லை.

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"என்னது மாமா?"

"ஒண்ணுமில்ல. அடுத்ததைப் போடு."

இரண்டாவது ஜோடி. கடையிலேயே அதுதான் தரம். போட்டவுடன் தெரிந்துவிட்டது. கிட்டார்காரன் கம்பியில் விரலை இழுப்பதுகூடக் கேட்டது.

மணி 2:31.

1:52. மூச்சு. அப்புறம்...

குரல்.

ட்ரம்பெட்டுக்கு அடியில் இல்லை. அதற்கும் மேலே. நான் அழித்த அதே சரணம். முதல் சொல்லிலிருந்து பாடினாள். கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுப்பாள்... இழுத்தாள்.

ஒரு பிசிறு இல்லை.

இஞ்சி வாசனை வந்தது. பாடுவதற்கு முன் எஃபுவா இஞ்சி மெல்லுவாள்.

பெட்டி ஆறடி தள்ளி இருந்தது.

குரல் என் இடது காதை ஒட்டி...

நான் திரும்பவில்லை.

"எப்படி மாமா?" அராபாதான். முகம் மலர்ந்திருந்தது. "எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. எல்லாமே தெரியுது."

எல்லாமே தெரிந்துவிடும் என்பதுதான் என் பயம். இங்கே எனக்கு மட்டும் கேட்கிறது. நாளைக்கு வீட்டில் இவளுக்கும் கேட்டுவிட்டால்? செத்தவள் காதருகே வந்து பாடியதைவிட, உயிரோடு இருக்கிறவள் என்னைப் பொய்யன் என்று தெரிந்துகொள்வாளே என்றுதான் எனக்கு வேர்த்தது. இதை எழுதவே கூசுகிறது.

மணி 2:40. மூன்றாவது ஜோடி. படு மட்டம். பாட்டைக் கம்பளியில் சுருட்டி வைத்த மாதிரி இருந்தது. 1:52 வந்தது. ட்ரம்பெட். வெறும் ட்ரம்பெட். மூச்சில்லை, குரலில்லை.

"இதான்" என்றேன்.

ஆமிஸா என்னை ஏற இறங்கப் பார்த்தான். "யோவ், காலைலயே போட்டுட்டு வந்தியா? இது பாட்டு கேக்கவா ஆகும்? மேல ஏறி உக்கார வேணா ஆகும். இதைத் தள்ளிவிட நானே ஒரு வருஷமா ஆள் தேடறேன்!"

"என் காது சொல்லுது. இதான் அவளுக்குச் சரி."

அராபா ஒரு நொடி இரண்டாவது ஜோடியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "மாமா சொன்னா சரிதான்" என்றாள். அந்தப் பெட்டியை வைத்து வேலை செய்தால் மூன்றாவது சர்ச்காரரும் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். நன்றிக்காக அவள் சோளமாவில் அவித்த கென்கியும் பொரித்த மீனும் வாங்கிக் கொடுத்தாள். வெட்கமில்லாமல் விரலை நக்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அவளாகக் கூப்பிடவில்லை. நானும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

இன்று இருபதாவது நாள். காலை 9:05. போன் அடித்தது.

"மாமா! நீங்க எடுத்துக் குடுத்த ஸ்பீக்கர் மாதிரி உலகத்துலயே கிடையாது!"

போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினேன்.

"அம்மா குரல் இருக்கு மாமா. அந்தப் பாட்டுலயே இருக்கு. ஹெட்போன்ல வரல, கார்ல வரல. இந்த ரெண்டு பெட்டியில மட்டும் வருது. மொத நாள் வெறும் மூச்சு. மறுநாள் ஒரு வரி. அப்புறம் தினம் ஒரு வரி கூடிக்கிட்டே போகுது. எவ்ளோ நல்லாப் பாடியிருக்காங்க... நீங்க ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"முந்தாநாளோட பாட்டு முடிஞ்சிடுச்சு. நேத்து, எப்படி வந்துச்சுன்னு அம்மா உங்ககிட்ட கேக்கறாங்க. 'அருமை, இன்னொரு தடவை வேணாம்'னு சொல்றீங்க. உங்க குரலேதான். இன்னிக்குக் கதவு தெறக்கற சத்தம். யாரோ ஒரு ஆளு, வண்டி போயிடும் சீக்கிரம் பண்ணுன்னு உங்களை விரட்டறாரு. அதோட நின்னுடுச்சு. யார் மாமா அது?"

"தெரியலம்மா."

அப்போதும் பொய்.

"சரி விடுங்க, நாளைக்குத் தெரிஞ்சிடும்" என்று வைத்துவிட்டாள்.

அவள் வீடு ட்ரோட்ரோவில் பத்து நிமிடம். நாளை விடிவதற்குள் போய், காலில் விழுந்தாவது நானே சொல்லிவிடலாம். இப்போது மணி 5:40. நான் இன்னும் செருப்புக்கூடப் போடவில்லை. போனுக்குப் பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. அதிலிருந்து கால் எழவில்லை.

எஃபுவா கடைசிச் சொல்லைப் பாடி முடித்த உடனே நான் டேப்பை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு நானும் அவளும் பேசியது எதிலும் பதியவில்லை. ட்ரம்பெட்காரன் கதவைத் திறந்தபோது அவள் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அறையில் இருந்தது நானும் அவனும் மட்டும்தான்... வேறு யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை... என்றுதான் இருபத்து மூன்று வருடமாக நினைத்திருந்தேன்.