சாந்தோமிலிருந்து ஊரூருக்குக் காற்று வழியாக இரண்டு மைல்

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் திருச்சி ரயில் எழும்பூரில் நின்றது. இறங்கியதும் சாமான் வண்டிக்கு ஓடினேன். மரப்பெட்டிகள் இரண்டும் பத்திரமாக இருந்தன. மூன்றடி அகல அலுமினியத் தட்டுகள் இரண்டில் ஒன்றைச் சுற்றியிருந்த சாக்கு மட்டும் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். தட்டின் நடுவில் உள்ளங்கை அளவு பள்ளம்.

போர்க்காலத்தில் நானும் சவரிமுத்துவும் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் இருந்தோம். நாடு விடுதலை பெற்று ஓராண்டு ஆகிறது. அவன் இப்போது சாந்தோமில் பள்ளி ஆசிரியர். நான் திருச்சியில் ரேடியோ பழுது பார்க்கிறேன். அவனுடைய அக்கா சகாயம் ஊரூர்க் குப்பத்தில் நர்ஸாக ஒரு சிறு மருந்தகம் நடத்துகிறார். பிரசவம் சிக்கலானால் சாந்தோம் டாக்டருக்கு ஆள் ஓட வேண்டும். அடையாறு பாலத்தைச் சுற்றி நாலு மைல். தொலைபேசிக் கம்பி அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. ராணுவம் கழித்துப்போட்ட மைக்ரோ அலைக் கருவிகள் இரண்டை நாங்கள் ஏலத்தில் எடுத்து, ஓராண்டு மனுப்போட்டு, மூன்று நாள் சோதனை லைசென்ஸ் வாங்கியிருந்தோம். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவார். அதற்குள் குரல் போய்ச் சேராவிட்டால் லைசென்ஸ் அத்தோடு சரி.

ஜட்காவில் சாந்தோம் போய்ச் சேர ஒரு ரூபாய். சவரி தட்டைப் பார்த்தான். உடனே சட்டையை மாட்டிக்கொண்டான். ஒன்பது மணிக்கு மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால், பாத்திரங்களுக்கு ஒடுக்கெடுக்கும் கரீம் பாயின் கடையில் நின்றோம்.

"இன்னா சார், இத்து மேல யார்னா குந்திக்கினு வந்தாங்களா?" என்றார் பாய்.

இந்தத் தட்டுதான் அலையைக் குவித்து ஒரே திசையில் அனுப்புகிறது, வளைவு நூலிழை பிசகினாலும் பேச்சு சிதறிவிடும் என்று விளக்கினேன். பாய் கடைசிவரை கேட்டார்.

"எவ்ளோ வளைவு வேணும்னு அட்டையில வெட்டிக் குடு நைனா. மீதி என் வேலை."

சவரி தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டு அட்டை வெட்டினான். பாய் மரச்சுத்தியால் தட்டுவார், அட்டையை வைத்துப் பார்ப்பார், மறுபடி தட்டுவார். பகல் ஒரு மணிக்கு அட்டைக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு மயிர் நுழைய இடமில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மாட்டு வண்டியில் என் பங்குச் சாமான்களோடு மந்தைவெளி வழியாகப் புறப்பட்டேன். பாலத்தின் மேல் வண்டி ஏறியபோது முகத்துவாரம் முழுவதும் வெள்ளியாய்க் கிடந்தது. பத்து மணிக்கு ஊரூர். மருந்தக மாடியில் குப்பத்து ஆட்கள் மூங்கில் பரண் கட்டிக் கொடுத்தார்கள். வடக்கே சவுக்குத் தோப்புக்கு மேலே மாதா கோயில் கோபுரம் தெரிந்தது. அதன் பக்கத்துப் பள்ளி மாடியில்தான் சவரி.

இரண்டு மணிக்கு இரண்டு கருவிகளும் உயிர்பெற்றிருக்க வேண்டும். என் காதில் வெறும் இரைச்சல். மூன்று மணிக்குக் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் காட்டுவதாகச் சவரி சொல்லியிருந்தான். ஆனால் அந்தப் பக்கம் எங்கு பார்த்தாலும் மினுக்கல்: ஜன்னல்கள், ஓடுகள், தண்ணீர். தட்டைத் திருப்பித் திருப்பிக் கை வலித்தது. மூன்றே முக்காலுக்கு இன்ஸ்பெக்டரின் சைக்கிள் வாசலில் வந்து நின்றது.

சகாயம் அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டரையும் அழைத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். கண்ணுக்கு மேல் கையைக் குவித்து வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, கோபுரத்துக்கு இடது பக்கம் பாருங்க. ஒண்ணு மட்டும் மூணு மூணா மினுக்குது. அவன் சின்ன வயசுலேயே கதவை அப்படித்தான் தட்டுவான்."

நான் அதுவரை கோபுரத்துக்கு வலப்பக்கம் தேடிக்கொண்டிருந்தேன். தட்டை மெல்ல இடது பக்கம் நகர்த்தினேன். இரைச்சல் விலகியது. யாரோ என் தோளருகே நின்று பேசுவதுபோல், பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, காதுக்குழாயில் சவரியின் குரல் எழுந்தது. சோதனைக்காக எண்களைச் சொல்லிச் சொல்லிச் சலித்து, பக்கத்திலிருந்த யாரிடமோ என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

"பர்மாவுலேயும் ராமையா இப்படித்தான் சார். ஒரு திருகாணி இறுக்க ஒரு பொழுது ஆகும். இன்ஸ்பெக்டர் வந்து நிக்கும்போதும் இறுக்கிக்கிட்டுத்தான் இருப்பான்."

நான் காதுக்குழாயை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். முகம் மாறாமல் கேட்டவர், பேசும் குழாயையும் வாங்கிக்கொண்டார். "இன்ஸ்பெக்டர் பேசுகிறேன். இறுக்கி முடித்துவிட்டார்" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் கீழே நின்றவர்களெல்லாம் மாடியேறிவிட்டார்கள்.

அவர்களில் மீன் விற்கும் அஞ்சலையும் ஒருத்தி. சாந்தோம் குப்பத்தில் அவள் தங்கை பிள்ளைக்கு நாலு நாளாகக் காய்ச்சல். இன்று நடந்து போய்ப் பார்க்கலாமென்று கிளம்பியிருந்தாள். சவரி கீழே ஆளனுப்பித் தங்கையை வரவழைத்தான்.

"கொயந்தைக்கு ஜொரம் வுட்ச்சா?" என்றாள் அஞ்சலை, குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"வுட்ச்சுக்கா. கஞ்சி குட்ச்சிக்கினு கீறான்."

அஞ்சலை குழாயைக் கீழே வைக்கவில்லை. அழுதுகொண்டே, பேரம் முதல் மழை வரை பேசினாள்.

"சோதனைப் பேச்சுக்கு மட்டும்தான் லைசென்ஸ்" என்றார் இன்ஸ்பெக்டர் என்னிடம், தாழ்ந்த குரலில். பிறகு நோட்டை எடுத்து, 'பேச்சுத் தெளிவு மிக நன்று. ஓராண்டு லைசென்ஸுக்குச் சிபாரிசு' என்று எழுதினார்.

ஞாயிறு மாலை எழும்பூரில் ரயிலேறினேன். திங்கள் விடிகாலையில் கொள்ளிடப் பாலம் தடதடத்தது; ஜன்னலில் மலைக்கோட்டை எழுந்து வந்தது. சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய குன்று. உச்சியிலிருந்து காவேரிக்கு அக்கரையில் எந்தெந்த ஊர் மாடிகள் நேராகத் தெரியும் என்று எண்ண ஆரம்பித்தேன். ஜங்ஷன் வந்ததைக்கூடப் போர்ட்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.